பொடக்காணி வாகை

ஏறி வெட்டப் பன்னிரண்டாயிரம் என்றார்
வெள்ளகோவில் மாரப்பன்.
ஆள் நாலு, கயிறு அவருடையது. டீ நம்முடையது.
விறகை அவரே எடுத்துக்கொள்வார்;
நமக்கே வேண்டுமென்றால் இன்னும் மூவாயிரம்.
அடிக்கட்டைக்கு மிஷின் தனி.
"வேர் டேங்க் வரைக்கும் போயிருக்குதுங்க."

ஆயிரம் குறைத்தேன்.
லைன்மேனுக்கு ஐந்நூறு கூடிப்போனது.

எல்லாம் மேக்கால வீட்டு மயிலாத்தாளுக்காக:
தொட்டியில் சருகு, மாடியில் சருகு,
பஞ்சாயத்து ஆபீஸ் வரை போன சருகு.

மூன்று மணிக்குக் கடைசிக் கிளை இறங்கியது.
கழுவிய குண்டாவோடு நிமிர்ந்தேன்.
எதிர் ஜன்னலில் அவள்,
கையில் ஒரு குண்டா.
பதினேழு வருஷமாக
இவ்வளவு பக்கத்திலா இருந்தாள்?

திரைத்துணி, ஈரோடு கடைவீதி,
எழுநூற்று இருபது.
அவளும் அதே கடைக்குப் போயிருக்கிறாள்.
அதே பூ.