பத்தாவது நிமிடம்

காலையில் கார் குற்றமற்றது.
மைனஸ் இருபத்தெட்டில்
நாற்றத்துக்கும் கைகால் விறைத்துவிடும்.
ஹீட்டர் போட்ட பத்தாவது நிமிடம்,
உலான்பாதரின் நெரிசலில்
முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நிற்கும்போது
அது எழுந்து உட்காரும்.

கவிச்சி இல்லை.
பூஞ்சை நெடியும் இல்லை.
வெள்ளாட்டு மொச்சை வரைக்கும் போய்
மனம் மாறி
புளிப்பில் வந்து நிற்கிற ஒன்று.

பயணிகள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
"எலி செத்திருக்கும்" என்றார் கம்பளி வியாபாரி.
நர்ஸ் ஒருத்தி என் பூட்ஸையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
ஜூனிபர் கொளுத்தச் சொன்ன பெரியவர்
தன் பையிலிருந்தே ஒரு சிட்டிகை தந்தார்.
கொளுத்தினேன்.
பூஜை நடந்த வீட்டில்
யாரோ பாலைப் பொங்கவிட்டது போலிருந்தது அன்று முழுக்க.
மாணவன் ஒருவன் ஒன்றுமே சொல்லவில்லை,
ஜன்னலை இறக்கினான்.
அந்தக் குளிரில்.
அதுதான் வலித்தது.

பைன் மர அட்டை மூன்று தொங்கவிட்டேன்.
நாற்றம் காட்டு வழியாக நடந்து வந்தது.

ஞாயிறு. பதினான்காம் நம்பர் ஸ்பேனர்.
ஃபில்டரில் ஊரின் கரி மட்டும்.
பேட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரத்தில்
நாய்முடி, பைன்கொட்டைத் தொலி,
யாருடையதோ ஒரு காதணி.
சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு
முட்டி போட்டு, மூக்கைத் தரைவிரிப்பில் வைத்து
அங்குலம் அங்குலமாக ஊர்ந்தேன்.
பக்கத்து கராஜ்காரன் விசில் நிறுத்திப் பார்த்தான்.
பார்க்கட்டும்.
வலது மூலையில் விரலால் அழுத்தினேன்.
அடியில் இருந்த பஞ்சு
பதில் சொன்னது.

தண்டவாளத்துக்கு அடியில் நீல நிற கேன் மூடி.

செப்டம்பரில் ஸோல்ஜர்கல் என் காரை வாங்கிக்கொண்டு
புல்கானுக்குப் போய் வந்தான்.
இருபது லிட்டர் குதிரைப்பால் ஐராக்.
"ஒரு சொட்டுக்கூடச் சிந்தலை, அக்கா."
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு.
புளிக்கிற பாலைப் பஞ்சில் மறைத்தவன்
என் தம்பி ஒருவன்தான்.
மூன்று மாதம்
என் பயணிகளின் காலடியில்
அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

வெந்நீர் ஆகாது, பால் இன்னும் பிடித்துக்கொள்ளும்.
பச்சைத் தண்ணீர், அப்புறம்
கொரியக் கடையில் வாங்கிய என்ஸைம் பொடி,
ஒரு ராத்திரி ஊறல்,
வினிகர், சோடா மாவு, மறுபடி தண்ணீர்.
தரைவிரிப்பு குளியல் தொட்டியில் கிடந்தது.
பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு
புதிதாக வெட்டி வைத்தேன்.
கீழ்வீட்டுக்காரர் குழாயைத் தட்டித் தட்டிக் கேட்டார்,
மேலே என்ன காய்ச்சுகிறாய் என்று.
ஆறு நாள் வருமானம் இல்லை.

ஏழாம் நாள். பத்தாவது நிமிடம்.
பதினொன்று.
பன்னிரண்டு.
சூடான பிளாஸ்டிக், என் கையுறை, வெறும் காற்று.

நேற்று ஸோல்ஜர்கல் வந்தான்.
முன்சீட்டில் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்து
"புது வண்டி மாதிரி இருக்கே" என்றான்.
புத்தாண்டுக்கு இரண்டு நாள் வேண்டுமாம்.

சாவியைக் கொடுத்தேன்.
வளையத்தில்
அந்த நீல மூடியைத் துளை போட்டுக் கோத்திருந்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது எதோட மூடி?" என்றான்,
காது மட்டும் சிவக்க.