ஆறு வரைக்கும்

சனி இரவு. மாதக் கடைசி. சம்பளம் கைக்கு வந்த நாள்.
சாட்ஸ்வர்த்தில் எங்கள் வாசலுக்கு வரும் கார்கள்
கதவைத் திறந்து ஆளை இறக்கி
அணைக்காமலே போய்விடுகின்றன.
சிஸ்டர் ஸோண்டி நிறம் ஒட்டுகிறாள்:
சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை.
நீலம் ஒட்டினால் யாரும் ஓட வேண்டாம்.

பயிற்சிக்கூடத்துப் பொம்மைக்கு வியர்க்காது.
அதன் விலா இடுக்கில்
நாங்கள் இருவரும் முறைவைத்துக் குழாய் செருகினோம்,
ஒருநாளும் அது எங்கள் சட்டையைப் பிடித்ததில்லை.

இவன் பிடித்தான்.
இருபது இருக்கும். பெயர் தெரியாது.
இடது மார்பில் ஒரு வெட்டு,
மூடிய உதடுபோல அவ்வளவு சின்னது.
எங்கே வலிக்கிறது என்று கேட்டேன், "குபுஹ்லுங்கு குபி?"
யாழ்ப்பாணத்து நாக்கில் ஸூலு இடறியது.
அதற்குள் சலோஷ்னி படையாச்சி
கத்தியும் குழாயுமாக வந்துவிட்டாள்.
முதலில் காற்று சீறியது,
பிறகு ரத்தம், போத்தலின் இரண்டாம் கோடுவரை.

தொண்டையில் நான் குழாய் இறக்கி
மூச்சுப்பையை அவள் கையில் கொடுத்த நொடி
கரண்ட் போனது.

ஜெனரேட்டர் வரும். வராமல் இருந்ததில்லை.
எத்தனை நொடியில் என்றுதான்
எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.
மானிட்டர் இல்லை. முகம் இல்லை.
பயந்த கை பையை வேகமாகத்தான் அமுக்கும்;
அது தப்பென்று பரீட்சையில் எழுதி
மார்க் வாங்கியவர்கள் நாங்கள்.

அப்போது கேட்டது:
ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு.
ஒரு மூச்சு.
ஒண்ணு. ரெண்டு.

இரண்டு வருஷமாக அவளோடு
ஆங்கிலத்தில் மட்டுமே சண்டை பிடித்திருக்கிறேன்.
வெளிச்சம் வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு
நாலில் இருந்தாள்.

"பத்துவரைக்கும்தான் தெரியும்,"
பிறகு கையுறையை உரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள்.
"கோயில் வகுப்பிலிருந்து பாதியில் ஓடிவந்தவள் நான்.
இங்கிலீஷில் எண்ணினால் ஓடிவிடுவேன்.
இதில் ஒவ்வொன்றையும் தேட வேண்டியிருக்கிறது,
அதனால் சரியாக வருகிறது."

அவனை மேலே தியேட்டருக்குத் தள்ளிப்போனார்கள்.
லாக்புக்கில் எழுதிக்கொண்டாள்:
நெஞ்சுக்குழாய், இருபத்தேழு.
கையெழுத்துப் போடவேண்டியவரும் மேலேதான்.

பச்சைக்காரர் ஒருவர்
மாலை ஏழிலிருந்து அதே நாற்காலியில்.
ஷாட் மீன் முள், தொண்டையில்.
எல்லாம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.
எதுவும் கேட்காமல் வாயைத் திறந்தார்.
டார்ச் அடித்தேன்.
முள் இருந்தது.