இரண்டு நேரக்காரன்

ஹல் துறைமுகத்தில் மழை.
குளியல் தொட்டி விளிம்பில் நோரிஸின் கைக்கடிகாரம்,
ஒரு மணி முன்னால்.
ராட்டர்டாம் நேரம், கப்பல் வேலை,
திருப்பி வைக்க மறந்துபோச்சு என்பான்.
பதினோரு வருட மறதி.

மீன் பொரிக்கும் கடையில்
வினிகர் தெளித்துக்கொண்டே மாவிஸ் சொன்னாள்:
'டூ-டைமர்.'
சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம்
உப்பு போடவா என்று கேட்டாள்.

கோட்டுக்குள் சூடான பொட்டலத்தோடு
அந்தச் சொல்லும் பெரிலின் வீட்டுக்கு வந்தது.
அடுப்பு மேல் முட்டைக்கென்று ஒரு டைமர் உண்டு,
மூன்று நிமிட மணல்.
அதற்குத் தம்பி மாதிரி இருந்தது சொல்.
துரோகி என்றால் வாள் வேண்டும், ரத்தம் வேண்டும்.
இதற்கு
ஒரு கைக்கடிகாரம் போதும்.
முதலில் சிரிப்புதான் வந்தது.

அகராதியைப் புரட்டினாள்.
அவனுக்குப் பெயர்ச்சொல் இருந்தது.
அவளுக்கு வெறும் செயப்பாட்டுவினை.
அக்கரையில் இருப்பவளுக்கும் அதுவேதான்.

ஆனால் அவளுடைய சுவர்க்கடிகாரமும்
இந்த முள்ளும்
ஒரே மணிதானே காட்டியிருக்கும்?
அப்படியானால் பிந்தியவள் யார்?

திருகைத் தொடவில்லை பெரில்.
முட்டை போட்டாள்.
ஒன்று.
மணலைக் கவிழ்க்க மறந்துவிட்டாள்.