கீழே இறங்கும் கேள்வி

எங்கள் மொழிக்கு நூற்றுப் பதினோரு சொற்கள்.
உட்லண்ட்ஸ் சிப் ஆலையில், இரவு ஷிப்டில்,
வெள்ளை உடுப்புக்குள் கண் மட்டும் தெரிய
ஸுரைனியும் நானும் செய்தது.

கேள்விக்கு என்ன செய்வதென்று ஒரு வாரம் சண்டை.
என் ‘ஆ’ வேண்டாம், அவள் ‘கா’வும் வேண்டாம்.
ஊரே குரலை ஏற்றித்தான் கேட்கிறது,
நாம் இறக்குவோம் என்றாள்:
கடைசி அசை,
இன்னொரு படி இருக்கிறதென்று நினைத்து
இல்லாத இடத்தில் கால் வைப்பதுபோல.

‘ஆமாம்’ இன்னும் செய்யவில்லை.
அதே சொற்களை மேலேற்றித் திருப்பிச் சொன்னால் போதும்.

ஆட்குறைப்புப் பட்டியல் வந்த வெள்ளிக்கிழமை
காற்றுக்குளியல் அறையில் நின்று சொன்னாள்:
தெமு லோரி.
நீ இருப்பாய்.

விசிறிகள் கடைசி அசையைத் தின்றுவிட்டன.
வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.
கதவு திறந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

கிராஞ்சி வரை ரயிலில்
லோரி, லோரி என்று
இறக்கியும் இறக்காமலும் முணுமுணுத்தேன்.
எதிரில் இருந்த பையன்
ஒரு காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டு
புருவத்தை உயர்த்தினான்.