தூக்கிப் பார்த்தேன்

காஸ்த்ரோ கடைத்தெருவில்
மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் உள்ளே போனோம்.
வரிசையாய் உட்கார்ந்திருந்தன பேட்டரிப் பெட்டிகள்:
பெரியது, அதைவிடப் பெரியது,
மூலையில் கைப்பிடி வைத்த கறுப்புக் குட்டிகள்.

ரோசாமெலுக்குப் பெரியதன் மேல்தான் கண்.
இரண்டாயிரம் வாட்-மணி.
உறைபெட்டி ஓடுமாம், தொலைக்காட்சி ஓடுமாம்,
கோடையில் குக்காவோ ஏரிக்கரையில் கூடாரம் போட்டால்
காபி மெஷின்கூட ஓடுமாம்.
"எல்லாமே ஓடும்" என்றான் விற்பனைப் பையன்.
விலையைக் கேட்டேன்.
"நாங்களும் ஓடலாம்" என்றேன்.

மட்டிக் கம்பெனியில் பதினெட்டு வருஷம்
கணக்கெழுதிய கை இது.
ரசீதின் பின்பக்கம் குறித்தேன்.
விளக்கு, ஒன்பது வாட்.
ரேடியோ, ஐந்து.
உறைபெட்டி என்று எழுதி, யோசித்து, அடித்தேன்.
உன் மூச்சுக் கருவி, ரோசாமெல், முப்பத்தைந்து.
எட்டு மணி நேரம் நீ உறங்க
இருநூற்று எண்பது வாட்-மணி.
ஒரு இரவின் மூச்சுக்கு இவ்வளவுதானா என்று
பையன் முன்னால் கேட்கவில்லை.

பிறகு பெரியதைத் தூக்கிப் பார்த்தேன்.
முழங்கால்வரை வந்தது.
அதற்குமேல் வரமாட்டேன் என்றது.
"நான் தூக்கிக்கிறேனே" என்றான் அவன்.
"இது வேண்டியிருக்கிற ராத்திரி
நீ மாடியில் படுத்திருப்பாய்.
படியேறப் போவது யார்?"

ஐநூற்றுப் பன்னிரண்டு. ஆறரைக் கிலோ.
ஒரு கையில் பெட்டி,
ஒரு கைக்குப் படிக்கட்டின் கட்டை மிச்சம்.
அதையே வாங்கினோம்.
படகில் கரைசேரும்வரை அவன் வாய் திறக்கவில்லை.

ஜூன் மாதம், விடிவதற்குமுன்,
வடக்குக் காற்று எங்கேயோ ஒரு கம்பத்தைச் சாய்க்க
அச்சாவோ ஊரே அணைந்துபோனது.
சாயங்காலம் உறைபெட்டிக்கு வியர்த்தது.
காப்பாற்ற முடியாததைத் தின்றுவிடுவோம் என்று
விறகடுப்பை மூட்டினோம்:
ஆட்டுத்தொடை, மூன்று பை மட்டி,
ஏப்ரலில் வாங்கி மறந்த மெர்லுசா மீன்.
கல்யாண வீடு மாதிரி மணத்தது
இரண்டே பேர் இருந்த வீடு.

ஒன்பது மணிக்குக் கதவு தட்டியது.
பக்கத்து வீட்டு பௌதிலியோ.
கையில் சவரம் செய்யும் மெஷின்,
வாலைத் தொங்கவிட்ட எலிபோல.

"நாளைக்கு முதல் படகில் மகள் வருகிறாள்.
நாலு வருஷம் ஆச்சு.
இந்தத் தாடியோடு பார்த்தாளென்றால்
அப்பா தளர்ந்துவிட்டார் என்று
சாந்தியாகோவுக்கு இழுத்துப் போய்விடுவாள்.
எனக்கு அங்கே யாரைத் தெரியும்?"

பொய் சொல்லமாட்டேன்,
திரையைப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு.
மெஷினின் அடியைத் திருப்பிப் படித்தேன்.
ஐந்து வாட். ஒரு மணி நேரம்.
ரசீதில் அவருக்கு இடம் விட்டிருக்கவில்லை நான்.
ரேடியோவைப் பிடுங்கிவிட்டு
அவர் வாலைச் செருகினேன்.
ஏறும்வரை உட்கார்ந்து மட்டி தின்றார்.
ஓடுகளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கி அடுக்கி,
மகளின் பற்களைப் பற்றிப் பேசினார்.
சின்ன வயதில் கோணலாம்.
இப்போது நேராக்கிக்கொண்டாளாம்.
அது பிடிக்கவில்லையாம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.
பதினான்கு படி. பத்தாவதில் நின்றேன்.
முகமூடிக்குள் உன் மூச்சு
ஒழுங்காய்ப் போய் வந்துகொண்டிருக்க,
நான் இருட்டில் பச்சை எண்களைப் பார்த்துக் கிடந்தேன்.
எழுபத்தொன்று. ஐம்பத்தெட்டு.
நாற்பதுக்குக் கீழே எப்போது தூங்கினேனோ.

விடிந்தபோது பதினேழு.
கம்பம் இன்னும் எழவில்லை.
ஜன்னல் வழியே, துறைக்கு இறங்கும் சாலையில்
மோவாயில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்க,
நிமிர்ந்து, நடந்து போனார் பௌதிலியோ.

ரோசாமெல் எழுந்தான்.
பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கினான்,
கோழியைப் பிடித்துப்போகிற மாதிரி.
"ரொம்ப லேசா இருக்கே" என்றான்,
இன்னமும் குறை சொல்கிற குரலில்,
படியிறங்கிக்கொண்டே.