பத்து சென்டிமீட்டர் தண்ணீர்

இரவு பதினொன்றே முக்காலுக்கு
ஒரு ஹைலக்ஸின் பின்சீட்டில்
உட்கார்ந்தபடியே வந்தான் அடைக்கலம்.
படுக்க வைத்தால் மூழ்கிவிடுவான் என்று
கூட வந்த நேபாளிக்கு
யாரும் சொல்லித் தந்ததில்லை.
வழி நெடுக முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

ஜுபைலில், கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
மாலை நாலு மணிக்கு ஒரு குளோரின் வால்வு கசிந்தது.
இரண்டு நிமிடம், அவ்வளவுதான்.
இருமினான், கண் எரிந்தது, சரியாயிற்று.
கேம்ப்புக்குப் போய்க் குளித்து
மூன்று சப்பாத்தியும் பருப்பும் தின்றுவிட்டு
மகளின் கணக்கு நோட்டை வீடியோவில் திருத்தினான்.
குளோரின் அவசரப்படாது.
எல்லோரும் தூங்கியபின்
உள்ளேயிருந்து கதவைத் தட்டும்.

வாயோரம் நுரை,
ரோஸ்மில்க் நிறத்தில்.
மன்னியுங்கள்,
அந்த நேரத்தில் வேறு உவமை வரவில்லை.
அதற்குப் பிறகு நான் ரோஸ்மில்க் குடிக்கவும் இல்லை.

ஆக்சிஜன் எழுபத்தொன்பது.
முகமூடியை அழுத்தினேன்.
தாடியின் வழியே காற்று
சீறிக்கொண்டு வெளியே ஓடியது.
பெரிய அளவு மாற்றினேன், அப்போதும் சீறல்.
கேட்க நேரமில்லை, கேட்டால் சொல்ல அவனுக்கு மூச்சில்லை.
மழித்தேன்.
பழநிக்கு வளர்த்த தாடி என்று
காலையில்தான் தெரிந்தது.

பிறகு இயந்திரத்தின் குமிழைத் திருப்பினேன்:
ஐந்து, எட்டு, பத்து.
பத்து என்றால் பத்து சென்டிமீட்டர் தண்ணீர்.
ஆமாம், காற்றின் பலத்தையும்
நாங்கள் தண்ணீரில்தான் அளக்கிறோம்.
ஒரு சாண் உயரம்கூட இல்லாத
அந்த இல்லாத தண்ணீரை வைத்து
அவனுக்குள் இருக்கும் தண்ணீரை
வந்த வழியே தள்ள வேண்டும்.
அவன் முகமூடியைப் பிய்க்கப் பார்த்தான்.
மூழ்குகிறவன் கயிற்றையும் உதைப்பான்.
"சண்டை போடாதீங்க, அது தள்ளட்டும்,
நீங்க சும்மா வாங்கிக்கோங்க" என்றேன்.
தமிழ் கேட்டதும் கை தளர்ந்தது.
ஊர் எது என்று
கண்ணால் கேட்டான். பாவி மனுஷன், அப்போதும்.

ஒன்றரை மணிக்கு எண்பத்தாறு.
சூடானிய டாக்டர் அல்தய்யிப்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
பழைய பாடப்புத்தகத்தில் ஒரு வைத்தியம் இருந்ததாம்:
ஆக்சிஜனைச் சாராயத்தின் வழியே குமிழவிட்டு
அந்த ஆவியை முகரச் செய்வது.
நுரையின் தோல் மெலிந்து
குமிழ்கள் பொட்டுப் பொட்டென்று உடையுமாம்.
"இந்த நாட்டில் அந்தப் பாட்டிலுக்கு
மருந்துச் சீட்டு எழுதிப் பாரேன்" என்று
சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார்.
திரையின் எண்ணை விட்டு மட்டும்
கண் நகரவில்லை.

தொண்ணூற்றொன்று, மூன்றே காலுக்கு.
தொண்ணூற்று மூன்று, தொழுகை அழைப்பின்போது.
ஜன்னலுக்கு வெளியே ஆகஸ்ட்டின் ஈரம்
கண்ணாடி மேல் வழிந்துகொண்டிருந்தது.
இந்த ஊரில் கோடையில்
நல்ல நுரையீரல்காரர்களும்
கொஞ்சம் தண்ணீரைத்தான் சுவாசிக்கிறார்கள்.

காலையில் முகமூடியை ஐந்து நிமிடம் கழற்றினேன்.
மூக்கின் மேல் சிவந்த தடம்.
முதலில் தாடையைத் தடவினான்.
விஷயத்தைச் சொன்னேன்.
பழையவர்களின் சாராய வைத்தியத்தையும் சொன்னேன்,
சிரிக்கட்டும் என்று.
சிரிக்கவில்லை.
"மூணு வருஷமாச்சு சிஸ்டர்
அதை விட்டு. அதுக்குத்தான் அந்தத் தாடி."
மூச்சு வாங்கினான்.
"புஸ்தகம் பழசானது நல்லதாப் போச்சு."

தண்ணீர் கேட்டான். தரக்கூடாது.
மூலைக் குழாயில் பஞ்சை நனைத்து
உதட்டில் ஒற்றினேன்.
நாக்கால் துழாவி, கண்ணை மூடி,
கொஞ்ச நேரம் ருசி பார்த்தான்.
"எங்க பிளான்ட் தண்ணி" என்றான்.
"குளோரின் ஒரு சொட்டு கூட."

முகமூடியை எடுத்தேன்.
இந்த முறை
அவனே பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டான்.