மார்ச் ஒன்பது

மார்ச் ஒன்பதாம் தேதி
கார்வினுக்குப் பத்து வயது நிறைகிறது.
அன்றோடு அவனுடைய சொல் காலாவதி.

வளர்ச்சித் தாமதம்.
மூன்று வயதில் கொடுத்தார்கள்,
வயோமிங்கில் ஒன்பது வரைதான் செல்லும்.
பால் டப்பாவில் அச்சடித்ததுபோல
கோப்பின் முதல் பக்கத்தில் அதன் கெடு.

லொரெட்டுக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது.
"தாமதம்னா வந்துட்டிருக்குன்னுதானே அர்த்தம்?"
ராலின்ஸில் சரக்கு ரயில்
மூன்று மணி நேரம் பிந்தினாலும்
வராத ரயில் என்று யாரும் அதைச் சொல்வதில்லை.

கூட்டம் நூலகத்தில், இரண்டரை மணிக்கு.
ஒன்றாம் வகுப்பு நாற்காலிகள்.
முழங்கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஐந்து பேர்.

மூன்று பள்ளிகளுக்கு நான் ஒருத்திதான் உளவியலாளர்.
எண்ணைக் கொண்டு வந்தவள் நான்.
எழுபத்தொன்று.
கோடு எழுபதில் இருக்கிறது.
இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு
பிசகலாம் என்று கையேடே ஒப்புக்கொள்கிறது.
சோதனையன்று காற்றில் ஜன்னல் கடகடத்தது.
நான்காவது கேள்வியில் ரயில் வந்தது.
அவன் எனக்கு முதுகைக் காட்டி எண்ணினான்.
நூற்றுப் பதினேழு பெட்டிகள்.
நானும் எண்ணினேன், சரிதான்.
அதற்கு மதிப்பெண் கிடையாது.

படிவத்தில் இனி பதின்மூன்று கட்டங்கள்.
காது கேட்கிறது. கண் தெரிகிறது.
எலும்பு நேராக வளர்ந்திருக்கிறது.
தலையில் காயம் பட்டதா என்றதும்
லொரெட் ஒரு ஊஞ்சலை நினைத்துப் பார்த்தாள்,
பிறகு இல்லை என்றாள்,
பிறகு, இல்லவே இல்லை.
குறிப்பிட்ட கற்றல் குறைபாடு:
குறிப்பிட்டது எது என்பதைத்தான்
எங்களால் குறிப்பிட முடியவில்லை.
பிற உடல்நலக் குறைபாடு:
தீர்ந்த பேட்டரி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி,
எல்லாம் கிடக்கும் சமையலறை இழுப்பறை.
அதைத் திறக்க மருத்துவர் கடிதம் வேண்டும்.
மருத்துவர் காஸ்பரில்.
சாலை நேற்றிலிருந்து மூடியிருக்கிறது.

முதல்வர் பிராக் சொன்னார்:
"எந்தக் கட்டமானாலும் உதவி தேவைக்கு ஏற்பத்தான்.
சட்டம் தெளிவா இருக்கு."
தெளிவாகத்தான் இருக்கிறது.
நான் தலையாட்டினேன்.
பேச்சுப் பயிற்சி தரும் ஹௌகன்
தன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தாள்.
அவளுடைய வாரத்தில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று
அவளுக்குத்தான் தெரியும்.

லொரெட்டின் விரல் ஆறாவது கட்டத்தில் நின்றது.
அறிவுத்திறன் குறைபாடு.
பழைய படிவங்களில் அந்த இடத்தில் வேறொரு சொல்.
சட்டம் அதை அழித்துவிட்டது.
விளையாட்டு மைதானம் இன்னும் அழிக்கவில்லை.

"எண்பத்தி நாலுல என் தம்பி லைல்
இந்தக் கட்டத்துலதான் இருந்தான்" என்றாள்.
யாரும் பேசவில்லை.
"இப்ப பனி வாரும் வண்டி ஓட்டறான்,
எண்பதாம் நெடுஞ்சாலையில.
இன்னிக்குக் காலைல உங்க கார் எப்படி வந்துதுன்னு நினைச்சீங்க?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.
இருட்டில் எனக்கு முன்னால்
மஞ்சள் விளக்குச் சுழல ஒரு வண்டி
இருபது மைல் வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது.
ஓட்டுகிறவருக்கு ஒரு மதிப்பெண் இருக்கும் என்று
எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"போடுங்க. ஆனா அவன் முன்னாடி
சத்தமாப் படிக்காதீங்க."

போட்டேன்.
எழுபத்தொன்றை எழுபதாக்கவில்லை.
கீழே, குழுவின் முடிவு என்று எழுதி
காரணத்துக்கு மூன்று வரி.
பேனா பாதியில் நின்றது,
ஹௌகன் பச்சை மை கொடுத்தாள்.

கார்வின் கோட்டும் ஒற்றைக் கையுறையுமாக வந்தான்.
படிவத்தைத் தலைகீழாகப் பார்த்தான்.
உதடு அசைந்தது.
"பதிமூணு. இஞ்சின் எங்கே?"

பிராக் ஏதோ சொல்ல வாய் திறந்தார்.
அதற்குள் அவன் ஜன்னலுக்குப் போய்விட்டான்.

தேதி போடும் இடத்தில் லொரெட்
ஒன்பது என்று எழுதியிருந்தாள்.
இன்று நான்குதான்.
அடித்து எழுதி
ஓரத்தில் முதலெழுத்துப் போடச் சொன்னேன்.